தேங்காய்த் தொட்டியை அப்படியே விற்பதா, கரியாகச் சுட்டு விற்பதா?

ஒருவர் கேட்ட கேள்வி இது: அவர் காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். தினம் பத்தாயிரம் காய் உடைக்கிறார்கள். தொட்டி முழுவதும் வியாபாரிக்கே போகிறது. நாமே கரி சுட்டால் கட்டுபடியாகுமா, அதற்கும் மேலே போய் ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டிகளில் போடும் நுண்துளைக் கரி) செய்யலாமா, பண்ருட்டிச் சொந்தக்காரர் தருவதாகச் சொல்லும் முந்திரி ஓட்டையும் அதே அடுப்பில் போடலாமா?

முந்திரி ஓடு வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஆக்டிவேட்டட் கார்பனும் உங்கள் அளவுக்கு வேண்டாம். கரி சுடுவதை யோசிக்கலாம். ஆனால் அதில் காசு நிற்பதும் போவதும் பெரும்பாலும் களத்திலும் கிடங்கிலும்தான். அடுப்பு நடுவில் வரும் ஒரு வேலை.

கொங்குப் பக்கம் தொட்டி என்பதை நாகர்கோவிலிலும் இலங்கையிலும் சிரட்டை என்பார்கள், சென்னையில் கொட்டாங்குச்சி. சந்தையில் தொட்டிக்கரி என்ற பெயரே ஓடுவதால் இங்கேயும் தொட்டி என்றே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தென்னை வளர்ச்சி வாரியம் தரும் சராசரிப்படி, குழி முறையில் ஆயிரம் முழுத் தொட்டிக்கு 35 கிலோ கரி கிடைக்கும். முழுத் தொட்டி என்றால் ஒரு காயின் இரண்டு பாதியும் சேர்ந்தது. ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய 30,000 காய் தேவை. எடையில் பார்த்தால் 100 கிலோ காய்ந்த தொட்டிக்கு 30 கிலோவுக்குச் சற்றுக் கீழே வரும். உங்கள் பத்தாயிரம் காய்க்குத் தினம் சுமார் 1.2 டன் தொட்டி, அதிலிருந்து 350 கிலோ கரி. ஆக்டிவேட்டட் கார்பன் ஆலையில் (இனி வெறும் கார்பன் ஆலை) 3 கிலோ கரி உள்ளே போனால் வெளியே வருவது சுமார் 1 கிலோ. அதாவது உங்கள் களம் மொத்தமும் ஒரு நாளைக்கு 115 கிலோ கார்பனுக்குத்தான் தீனி போடும். கார்பன் சூளையோ இரவு பகலாக வாரக்கணக்கில் அணையாமல் ஓட வேண்டியது. ஒரு முறை குளிர்ந்தால் மறுபடி சூடேற்றும் செலவும், உள்ளே பூசியிருக்கும் தீச்செங்கல் விரிசல் விடுவதும் பெரிய நஷ்டம். தினம் பல டன் கரி வந்து விழாத இடத்தில் அதை வைக்கக் கூடாது.

கரி கட்டுபடியாகுமா என்பதற்கு இன்றைய விலையைச் சொல்லிப் பிரயோசனமில்லை, மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு வாய்ப்பாடு போதும். 1 கிலோ கரிக்கு மூன்றரை கிலோ தொட்டி. தொட்டி கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கரி கிலோ 70 ரூபாய்க்குப் போனால் உங்களுக்குக் கூலி பூஜ்ஜியம். அதற்கு மேலே உள்ளதில்தான் ஆள், சாக்கு, வண்டி, தேய்மானம், லாபம் எல்லாம் அடங்க வேண்டும். விளைச்சல், அதாவது 100 கிலோ தொட்டிக்குக் கிடைக்கும் கரி, 30 கிலோவிலிருந்து 22-க்கு இறங்கினால் இதே கணக்கில் மூலப்பொருள் மட்டும் 90 ரூபாயைத் தாண்டிவிடும். தொட்டி விலை ஏறியிருக்கும் மாதங்களில் சுடாமல் தொட்டியாகவே விற்பதுதான் கெட்டிக்காரத்தனம். அடுப்பு இருக்கிறதே என்பதற்காகச் சுடக் கூடாது.

இனி தொட்டி. முற்றிய காயின் தொட்டிதான் ஆகும். இளநீர்த் தொட்டி மெல்லியது, சுட்டால் நொறுங்கித் தூளாகும். பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் எரிந்து புகை கூடும், கரியில் பிசுபிசுப்பு நிற்கும். வெளியே ஒட்டியிருக்கும் நாரில் பொட்டாசியம் அதிகம், அது சாம்பலை ஏற்றும்.

சாம்பல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விலை வெட்டு விழும் முதல் இடம் அதுதான். சுத்தமான தொட்டியில் சாம்பல் சுமார் 0.6 சதவீதம். சுடும்போது மற்றதெல்லாம் புகையாகப் போகும், சாம்பல் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். 100 கிலோ தொட்டி 28 கிலோ கரியானால், அந்த 600 கிராம் சாம்பல் கரியில் 2 சதவீதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. வாரியத்தின் தர அளவோ சாம்பல் அதிகபட்சம் 2 சதவீதம் என்கிறது. ஆக, சுத்தமான தொட்டியே விளிம்பில்தான் நிற்கிறது. இதோடு மண் களத்தில் அள்ளும்போது 100 கிலோவுக்கு அரைக் கிலோ மண் சேர்ந்தால் சாம்பல் 4 சதவீதத்தைத் தொடும். அரைக் கிலோ மண் என்பது கண்ணுக்கே தெரியாது. தொட்டியின் உட்குழியில் ஒட்டிக்கொண்டு போய்விடும். சிமெண்டுத் தளத்தில் காயவைப்பது, அள்ளும்போது முள்வாரி அல்லது கம்பிச் சல்லடைக் கூடையில் ஒரு உதறு உதறுவது, இந்த இரண்டும் எந்த இயந்திரத்தையும் விட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். உடைத்த அன்றே சுடப் போனால் தண்ணீரை ஆவியாக்கவே உள்ளிருக்கும் தொட்டி எரிய வேண்டும். எரிந்த அந்தத் தொட்டி உங்கள் கரி. வெயிலில் நாலைந்து நாள் கிடந்த தொட்டியை இரண்டாக உடைத்தால் சட்டென்று சத்தம் வரும். ஈரமானது மந்தமாக முறியும்.

சுடும் முறைக்கு வருவோம். தொழில் பிடிபட 200 லிட்டர் டிரம் போதும். அது சுமார் 88 சென்டிமீட்டர் உயரம், 57 சென்டிமீட்டர் அகலம். பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த டிரம்மைத் தொடாதீர்கள். எண்ணெய் டிரம்மையும் வெறும் விறகு போட்டு ஒரு முறை எரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மேல்மூடியை முழுதாக வெட்டி எடுத்துத் தனி மூடியாக்கி, நடுவில் 10 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு ஓர் ஆள் உயரத்துக்குக் குழாய் நிறுத்துங்கள். உடம்பில் மூன்று வரிசை ஓட்டைகள்: அடியிலிருந்து 5, 30, 60 சென்டிமீட்டர் உயரத்தில், வரிசைக்கு ஆறு, ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். அடைக்கக் குழைத்த களிமண்ணே போதும்; ஆனால் ஓட்டைக்கு வெளியே சின்னக் குழாய்த்துண்டு வைத்து மூடி திருகினால் கை சுடாது.

நடுவில் தொடை கனத்துக்கு ஒரு கட்டையை நட்டு, சுற்றிலும் உள்ளங்கை அளவுக்கு உடைத்த தொட்டியை நிரப்புங்கள். முழுப் பாதிகளைப் போட்டால் கிண்ணம் போல் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, சில இடத்தில் இறுகியும் சில இடத்தில் பொந்தாகவும் இருக்கும். இறுகிய இடம் வேகாது, பொந்து சாம்பலாகும். ஐம்பது அறுபது கிலோ பிடிக்கும். கட்டையை உருவிவிட்டு அந்தப் பொந்துக்குள் எரியும் மட்டைத் துண்டுகளைப் போட்டு அடிவரை தீ இறங்க விடுங்கள். இப்போது அடி வரிசை ஓட்டைகள் திறந்திருக்க வேண்டும், மேல் இரண்டும் அடைத்திருக்க வேண்டும். தீ பிடித்துத் தொட்டி அடங்க அடங்க மேலே இன்னும் கொஞ்சம் போட்டு, பிறகு மூடியை வையுங்கள்.

அதன் பிறகு பார்க்க வேண்டியது புகையை. முதலில் கனத்த வெள்ளைப் புகை வரும். அதில் பெரும்பகுதி நீராவி. பிறகு மஞ்சள் கலந்து, கண்ணை எரிக்கும் காரமான புகை. உள்ளே 270, 280 டிகிரியைத் தாண்டியதும் தொட்டி தானாகவே சூட்டை விடத் தொடங்கும் கட்டம் அது. அடி ஓட்டைகள் வழியாகச் செந்தணல் பளிச்சென்று தெரிந்ததும் அவற்றை அடைத்து நடு வரிசையைத் திறக்க வேண்டும். அங்கே தணல் தெரிந்ததும் மேல் வரிசை. புகை மெலிந்து நீலம் பாரித்து, பிறகு குழாய் வாயில் வெறும் வெப்பம் மட்டும் நெளிவது தெரியும். அந்த நொடியில் எல்லா ஓட்டையையும் அடைத்து, குழாயைக் கழற்றி, அந்த வாயையும் மூடி, மூடியின் விளிம்பைக் களிமண் வைத்துப் பூசுங்கள். நாலைந்து மணி நேரம் ஆகலாம். தொட்டியின் ஈரத்தையும் காற்றையும் பொறுத்தது. ஆள் அங்கேயே நிற்க வேண்டும். நீலப் புகை வந்தபின் டீ குடிக்கப் போய் வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு கிலோ கணக்கில் சாம்பலாகும்.

ஆறவைப்பது மறுநாள் வரை. டிரம்மின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டால் சூடே தெரியக் கூடாது. வெதுவெதுப்பாக இருந்தாலும் திறக்க வேண்டாம்: காற்று உள்ளே போனதும் நடுவில் உறங்கிக் கிடக்கும் தணல் விழித்துக்கொள்ளும். அவசரத்தில் திறந்து, பிடித்த தீயை அணைக்கத் தண்ணீர் ஊற்றி, ஈரமான கரியைச் சாக்கில் கட்டுவது இந்தத் தொழிலில் எல்லாக் கெடுதலுக்கும் தாய். டிரம்மைத் திறக்கும்போது முகத்தைக் குனிந்து உள்ளே நீட்டக் கூடாது, அடைத்த கொட்டகைக்குள் இந்த வேலையே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டைச் சிமெண்டில் போடுங்கள். நல்ல கரி கணீரென்று உலோகம் போல் ஒலிக்கும். உடைத்த இடம் கண்ணாடி போல் பளபளக்கும், விரலில் கொஞ்சம்தான் ஒட்டும். வேகாதது தொப்பென்று விழும், உடைத்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். தீயில் காட்டினால் புகையும் மஞ்சள் சுவாலையும் வரும். அந்தப் புகைதான் வாங்குபவரின் ஆய்வகத் தாளில் ஆவியாகும் பொருள் என்று எழுதப்படுவது. மூடிய மூசையில் (சூடு தாங்கும் சின்னக் கிண்ணம்) 950 டிகிரியில் 7 நிமிடம் வைத்து, குறைந்த எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். வாரியத்தின் அளவுப்படி அது 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நிலைத்த கார்பன் (ஈரம், ஆவியாகும் பொருள், சாம்பல் போக மிஞ்சுவது) குறைந்தது 75, ஈரம் 10-க்குள். 15-க்குக் கீழே வர வேண்டுமானால் சூளைக்குள் 500 டிகிரியை ஒட்டிப் போயிருக்க வேண்டும். 400-ல் நிறுத்தினால் எடை அதிகம் வரும், பார்க்கவும் கறுப்பாகவே இருக்கும், ஆனால் ஆய்வில் விழுந்துவிடும். விளைச்சல் 35 சதவீதம் வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். ஈரத்தையும் கேளுங்கள்.

இப்போது உங்கள் அளவுக்கு வருவோம். டிரம்முக்கு 60 கிலோ என்றால் 1.2 டன்னுக்குத் தினம் இருபது டிரம் பற்றவைக்க வேண்டும், இன்னும் இருபது ஆறிக்கொண்டிருக்க வேண்டும். ஆள்கூலி விழுங்கிவிடும். டிரம்மில் ஒரு மாதம் சுட்டு, ஐந்தாறு மாதிரியை ஆய்வுக்கு அனுப்பி, விளைச்சலை எழுதி வைத்த பிறகுதான் பெரிய சூளைக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று ஊரெல்லாம் பார்க்கும் திறந்த குழி. மலிவானது. அதைப் பரிந்துரைக்க முடியாது. புகை முழுதும் ஊர்மேல் போகும், மண் கரியில் சேரும், சீக்கிரம் ஆற வேண்டுமென்று தண்ணீரை ஊற்றுவார்கள். தணல்மேல் ஊற்றிய தண்ணீர் தாரையும் பீனால் வகைகளையும் கரைத்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்கும். திருப்பூர், கோவை மாவட்டக் கிராமங்களில் தொட்டிக்கரி ஆலைகளை எதிர்த்து மக்கள் எழுப்பிய புகார்களில் காற்றோடு கிணற்றுத் தண்ணீரும் இருக்கிறது. எந்தச் சூளையானாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இரண்டு கட்டமாக வாங்க வேண்டும், நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. வீடுகளும் கிணறும் பக்கத்தில் இருக்கிற களத்துக்குள்ளேயே குழி தோண்டிவிட்டுப் பிறகு இசைவுக்குப் போனால் கிடைக்காது.

இரண்டாவது வழி மூடிய சூளை, ரிட்டார்ட் என்பார்கள். தொட்டி காற்றில்லாத பெட்டிக்குள் இருக்கும், தீ வெளியே எரியும். உள்ளிருந்து வரும் புகையை ஒரு குழாய் வழியே அதே தீக்குக் கீழே திருப்பி விடுவார்கள். முதல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் மட்டை எரித்துச் சூடேற்றினால், பிறகு தொட்டியின் புகையே அடுப்பை எரிக்கும். சாம்பல் சேராது, விளைச்சல் நிலையாக 30-ஐ ஒட்டி நிற்கும், வெளியே போவது பெரும்பாலும் எரிந்து முடிந்த வாயு. இதில் கெடுவது இரண்டு இடத்தில். புகைக்குழாயில் தார் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாய் குட்டையாக, அகலமாக, சூடான பகுதியை விட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு கம்பி விட்டுக் குத்த வேண்டும். அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி மூடியைத் தூக்கி எறியும். மூடியைப் போல்ட் போட்டு இறுக்காமல் மணல் பள்ளத்தில் உட்கார வைப்பதற்குக் காரணம் அதுதான். இன்னொன்று, தீ நேராகப் படும் அடித்தகடு சில மாதத்தில் அரித்துப் போகும். அதை மட்டும் கழற்றி மாற்றுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கொப்பரைக் களமும் இருப்பதால் இதில் இன்னொரு வரவு உண்டு. என்னைக் கேட்டால் அதுவே பெரியது. காய்ந்த தொட்டி கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி, கரி 7,000-க்கு மேல். 100 கிலோ தொட்டியில் நாலரை லட்சம் இருந்தது, 28 கிலோ கரியில் நிற்பது இரண்டு லட்சம். பாதிக்கு மேல் புகையாகவும் சூடாகவும் போகிறது. பத்தாயிரம் காயின் பருப்பைக் காயவைக்க ஏறக்குறைய ஒன்றேகால் டன் தண்ணீரை ஆவியாக்க வேண்டும், அதற்கு அடிப்படையில் ஏழரை லட்சம் கிலோ கலோரி. உலர்த்தியில் வீணாவதையும் சேர்த்தால் இரண்டு மூன்று மடங்கு. 1.2 டன் தொட்டியின் புகையை எரித்தால் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். ஐப்பசி மழையில் களம் நனைந்து கொப்பரை பூஞ்சை பிடிக்கும் நாட்களில் இதன் அருமை தெரியும். ஒரே நிபந்தனை, எரிந்த வாயு கொப்பரையைத் தொடக் கூடாது. அது இரும்புக் குழாய்களுக்குள் ஓட வேண்டும், குழாயைச் சுற்றிச் சூடாகும் சுத்தக் காற்றுதான் பருப்பின் மேல் போக வேண்டும். இலங்கையில் பதல்கம என்ற இடத்தில் கரி சுடும் வாயுவிலிருந்து மின்சாரமே எடுக்கிறார்கள். அங்கே பழைய கொப்பரைச் சூளைகளில் இன்னொரு அழகான வழக்கம் உண்டு: தொட்டிப் பாதிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சங்கிலி போல நீளமாக அடுக்கி ஒரு முனையில் பற்றவைப்பார்கள். தீ மெல்ல ஊர்ந்து போகும். அதிகப் புகையில்லாமல் மணிக்கணக்கில் ஒரே சூடு.

கிடங்கு. புதுக் கரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சும், உறிஞ்சும்போது சூடாகும். தொட்டால் குளிர்ந்திருக்கும் கரியை அன்றே மூட்டை கட்டிக் கூரை வரை அடுக்கினால், நடு மூட்டையில் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி இரவில் தானாகப் பற்றிக்கொள்ளும். கூரைக்குக் கீழே, காற்றோட்டமாக, மெல்லிய அடுக்காகப் பரப்பிக் குறைந்தது ஒரு முழு நாள் கிடக்கட்டும். மூட்டைகளைச் சின்னச் சின்ன அடுக்காக, நடுவில் ஆள் போகும் சந்து விட்டு வையுங்கள். கப்பல் விதிகளில் கரி 4.2 வகுப்பு, அதாவது தானாகச் சூடேறும் சரக்கு. 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமாகியிருக்கும் திருத்தத்தில், சோதனைச் சான்று காட்டி விலக்குப் பெறும் பழைய வழி அடைபட்டுவிட்டது. சுட்டபின் 14 நாள் ஆறப்போட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் வந்துவிட்டன. ஏற்றுமதியாளருக்கு விற்பதாக இருந்தால் சுட்ட தேதியை ஒவ்வொரு மூட்டையிலும் எழுதுங்கள், கேட்பார்கள்.

எடை போடும் இடத்தில் அடுத்த விலை வெட்டு குருணைக்கு, அதாவது நொறுங்கிய கரிக்கு. மண்வெட்டியால் அள்ளினால் கரி நொறுங்கும், முள்வாரிதான் சரி. மூட்டைமேல் ஏறி நடக்கும் பழக்கத்தை நிறுத்தினாலே குருணை குறையும். சேர்ந்த குருணையை எறிய வேண்டியதில்லை. நன்றாக வெந்த தூளாக இருந்தால் கட்டிக் கரியாக்கலாம்: 3 மில்லிமீட்டருக்குக் கீழே அரைத்து, 100 கிலோவுக்கு 4, 5 கிலோ மரவள்ளி மாவு. சேலம், நாமக்கல் பக்கச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் அது சுலபமாகக் கிடைக்கும். மாவைப் பச்சையாகத் தூவக் கூடாது. 25, 30 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, சூட்டோடு ஊற்றிப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அச்சில் வெட்டியபின் முதல் நாள் நிழல், பிறகு 60, 70 டிகிரிக் காற்று, கடைசியில் ஈரம் 5, 6 சதவீதம். நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி உள்ளே வெடிக்கும். மாவு கூடினால் எரியும்போது புகையும், குறைந்தால் மூட்டைக்குள்ளேயே உதிரும். சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நிற்கும் கட்டிக்குத்தான் ஹுக்கா சந்தையில் விலை.

தொட்டியைச் சுடாமல் தூளாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டுப்பலகைப் பசையில் நிரப்பியாகவும், கொசுவர்த்தியிலும் ஊதுபத்தியிலும் போகிறது. சின்னத் துண்டாக உடைத்து, பல்வரைசர் என்னும் சுத்தியல் இயந்திரத்தில் அரைத்து, காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோனில் பிடித்து, சல்லடையில் துகள் அளவு பிரித்து, தங்கியதை மறுபடி அரைப்பார்கள். தொட்டி கல்லைப் போல் இரும்பைத் தின்னும். சுத்தியல்களை மாற்றும் செலவை முதலில் கணக்கில் எடுங்கள். காற்றில் மிதக்கும் நுண்தூள் ஒரு தீப்பொறியில் வெடிக்கும், ஆகவே துணிப்பை வடிகட்டி இல்லாமல், ஆணியைப் பிடிக்கும் காந்தம் இல்லாமல் ஓட்டக் கூடாது.

கார்பனைப் பற்றிச் சுருக்கமாக, நீங்கள் விற்கும் கரி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. ஆலையில் கரியைக் குருணையாக உடைத்து, சுழலும் சூளையில் 900 முதல் 1,100 டிகிரி வரை சூடேற்றி நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியோடு சேர்ந்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாகப் போய்விடும். போன இடமெல்லாம் நுண்துளை. கரி மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போவது இப்படித்தான். தொட்டியிலிருந்து வரும் கார்பனின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு, உடம்பு நல்ல கெட்டி. அதனால் குடிநீர் வடிகட்டியிலும், சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கும் ஆலைகளிலும் இதையே கேட்கிறார்கள். கலக்கும்போது உடைந்து தூளானால் தங்கமும் அந்தத் தூளோடு போய்விடும். 1918-ல் அமெரிக்காவில் விஷவாயு முகமூடிக்குத் தேங்காய்த் தொட்டி போதாமல், பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துத் தரச் சொல்லி மக்களிடம் கேட்டார்கள். வேகாத கரியைக் கார்பன் ஆலை திருப்பி அனுப்புவதற்குக் காரணம் உண்டு: மீதமிருக்கும் தார் சூளையில் எரிந்து சூட்டைத் தாறுமாறாக்கும், கணக்கிட்ட விளைச்சல் வராது.

முந்திரி ஓடு. அதன் இரண்டு தோலுக்கும் நடுவில் தேன்கூடு போன்ற அறைகளில் எண்ணெய் நிற்கிறது, ஓட்டின் எடையில் நாலில் ஒரு பங்கு வரை. தோலில் பட்டால் கொப்புளம் போடும் எண்ணெய் அது. முந்திரிக்கொட்டையைக் கையால் உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். அதைத் தொட்டியோடு போட்டால் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், ரிட்டார்ட்டின் குழாய் ஓரிரு சூட்டில் அடைபடும், கரியும் கார்பன் ஆலைக்கு ஆகாது. அதோடு, எரிப்பது காசை எரிப்பது. அந்த எண்ணெயைச் செக்கில் பிழிந்து எடுத்துச் சூடேற்றினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கார்டனால் என்ற வேதிப்பொருளாக மாறும். பிரேக் லைனிங், வண்ணப்பூச்சு, எபாக்ஸிக் கெட்டிப்பான் செய்பவர்கள் வாங்குகிறார்கள். பண்ருட்டிப் பக்கமே எண்ணெய் பிழியும் ஆலைகள் உண்டு. உங்கள் சொந்தக்காரர் ஓட்டை அங்கே கொடுத்துவிட்டு, பிழிந்த பிண்ணாக்கு வேண்டுமானால் கொதிகலன் எரிபொருளாக வாங்கிக்கொள்ளட்டும். அதைக்கூட வீட்டு அடுப்பில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், எண்ணெய் முழுதாக வராமல் பிண்ணாக்கிலும் கொஞ்சம் நிற்கும்.